அத்தை இழுத்த ஈயக் குண்டு

மாப்பிள்ளையின் அம்மாவிடம் அவர் எடையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பௌதிகம் படித்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

அப்போது குன்னூரில் குடியிருந்தோம். எந்தப் பொருளும் இன்னொன்றை இழுக்கும், குண்டுமணிகூட இழுக்கும். அதை வீட்டிலேயே அளந்து காட்டுகிறேன் என்று கிளம்பியிருந்தேன். (அடக்கத்துக்கும் எனக்கும் வெகுதூரம்.) கூடத்து உத்தரத்திலிருந்து மெல்லிய கம்பியில் ஒரு மரச்சட்டம், அதன் இரு முனையிலும் ஈயக் குண்டுகள். பக்கத்தில் ஆட்டுக்கல் குழவியை வைத்தால் குண்டு அதை நோக்கி மயிரிழையாவது நகர வேண்டும். காற்று ஆகாதென்று ஜன்னல்களை அடைத்தேன். உறைபனிக் காலத்தில் கணப்பு மூட்டவும் தடை. குழவி என் வசம் இருந்ததால் வீட்டில் தினமும் உப்புமா. குண்டு மட்டும் அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் குந்தாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மின்நிலையத்தில் இன்ஜினியர். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இந்த இடம் தவறிவிடக்கூடாதே என்று அத்தனை ஆசை. ஆனாலும் சட்டத்தைக் கழற்றச் சொன்ன அம்மாவிடம் அழுது சாதித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். காப்பித் தட்டோடு வந்தேன். சட்டம் அசைந்தது! ஈயக் குண்டு மரியாதையாக அவர் பக்கம் திரும்பியது.

தட்டை அப்பா மடியில் வைத்துவிட்டுக் குதித்தேன். "நகருது! ஏனுங்க அத்தை, நீங்கதானுங்க இழுக்கறீங்க! குழவிக்கே அசையாத குண்டுங்க இது!"

கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. (சோதனைக்கு அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.)

மாப்பிள்ளை எழுந்து வந்து நாற்காலிக்கடியில் குனிந்து பார்த்தார். கணகணவென்று தணல் நிறைந்த ஒரு கணப்புச் சட்டி! மலையில் விருந்தாளிக்குக் காப்பிக்கு முன்னால் கணப்பு வைத்தாக வேண்டும். அம்மா எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்தார். கொஞ்ச நேரத்தில் குண்டு பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

"சூட்டுக்குக் காத்து ஓடுதுங்க. அதுலதான் நகந்திருக்குது," என்றார்.

கண்டுபிடிப்பும் போச்சு, கல்யாணமும் போச்சு.

"அப்ப நான் இழுக்கலியா கண்ணு?" என்றார் அவர் அம்மா. பிறகு மகனை முறைத்தார். "எத்தனை பெருமையா உக்காந்திருந்தேன், கெடுத்துட்டியேடா!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சட்டம் நிஜமாகவே ஆடியது.

இந்த மருமகளை எங்கே பிடித்தீர்கள் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் அத்தை சொல்வார்: "தேடவெல்லாம் இல்லீங்க. உக்காந்த எடத்துல இருந்தே இழுத்தேன், வந்துட்டா."

கணப்புச் சட்டியைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார்.