ஹெர்னியா ஆபரேஷனில் ஒரு லைன் ஸ்டாப்

ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆபரேஷனை நடுவில் நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. அப்போது நான் டாக்டர் இல்லை, நர்ஸ்கூட இல்லை. மயக்க மருந்து டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்து மூன்றே மாதம் ஆன, தலைக்குல்லாயை ஒழுங்காகப் போடத் தெரியாத மாணவி.

முழுக் காரணமும் என் அப்பாதான். (நான் செய்த எல்லாத் தப்புக்கும் அவர்தான் காரணம் என்பது என் கட்சி.) ஓசூரில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே உற்பத்தி லைனுக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தால் நேற்று சேர்ந்தவன்கூட அதை இழுக்கலாம்; மொத்த லைனும் நின்றுவிடும். "சந்தேகம்னா நிறுத்து, அப்பறம் யோசி" என்பது அப்பாவின் வேதம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சாம்பாரில் முடி கிடந்தால் கையைத் தூக்கி, இல்லாத கயிற்றை இழுத்து, "லைன் ஸ்டாப்!" என்பார். எல்லோர் கையும் தட்டிலேயே நிற்கும். அம்மா மட்டும் "ஆமா, பெரிய கம்பெனி" என்று சொல்லிக்கொண்டே அப்பளம் பொரிப்பாள்.

நான் இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "கம்பெனியில டிரெயினியா சேத்து விடறேன். பஸ்ஸு, சாப்பாடு எல்லாம் உண்டு. உனக்கு எதுக்கும்மா கத்தி, ரத்தம்?" என்றார். நான் அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன். (ஒரு வேளைதான்.) கடைசியில் ஒப்பந்தம் ஆனது. முதல் ஆபரேஷன் தியேட்டர் போஸ்டிங்கில் தேறினால் படிப்பு. துரத்திவிட்டால் மறுநாளே கம்பெனி பஸ்.

அந்த மூன்று மாதமும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னென்ன சொல்லித் தந்தார்கள்! காலையில் போனதும் மயக்க மெஷினில் காற்று கசிகிறதா என்று பையை அமுக்கிப் பார்க்க வேண்டும். சிலிண்டரில் ஆக்ஸிஜன் இருக்கிறதா, சளி உறிஞ்சும் குழாய் இழுக்கிறதா, தொண்டைக்குள் விட்டுப் பார்க்கும் கருவியில் பல்பு எரிகிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். நோயாளியிடம் கேட்கும் கேள்விகள் தனி: கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், ஆடுகிற பல் இருக்கிறதா? நான் வீட்டிலும் விடவில்லை. கேஸ் சிலிண்டர் போட வந்தவரை நிறுத்தி, "அண்ணா, ஆடுற பல்லு இருக்கா?" என்று கேட்டேன். அடுத்த மாதம் வேறு ஆள் வந்தார்.

அந்த நாளும் வந்தது. மயக்க மருந்து டாக்டரை நாங்கள் மேடம் என்போம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. "இன்னைக்கு மானிட்டர் எல்லாம் நீயே மாட்டு. சரியாப் பண்ணினா நாளையிலேர்ந்து எங்கூட. சொதப்பினா தியேட்டர் பக்கமே வராதே" என்றார்.

நோயாளி நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர். ஹெர்னியா. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வது. ஆள் விழித்தே இருப்பார். நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டினேன். வலது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினேன். ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பையும் அதே வலது கை விரலில் மாட்டினேன். (இடது பக்கம் டிரிப் ஸ்டாண்டு நின்றது. சுற்றிப் போகச் சோம்பல்.) மானிட்டரில் தொண்ணூற்றொன்பது என்று வந்தது பாருங்கள், நானே பரீட்சையில் வாங்கின மாதிரி இருந்தது!

"பாப்பா, காலு இருக்குதா இல்லியான்னே தெரியல" என்றார் அவர்.

"ரெண்டும் இருக்குங்கய்யா" என்றேன், நானே பொறுப்பு என்பது போல.

சர்ஜன் கீறிவிட்டார். மேடம் அந்தப் பக்கம் திரும்பி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போது 'டிங் டிங்' என்று அலாரம். பார்த்தால், தொண்ணூற்றொன்பதைக் காணோம்! அலை அலையாக ஓடியது வெறும் கோடாகப் படுத்துக் கிடக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த மனுஷனைக் குனிந்து பார்த்திருக்கலாம். நான் பார்த்தது மானிட்டரை மட்டும்தான்.

"லைன் ஸ்டாப்!"

கத்தியதோடு விட்டேனா? கையைத் தூக்கிக் கயிற்றையும் இழுத்தேன். வீட்டில் கயிறு கிடையாது. இங்கே அந்த இடத்தில் ஆபரேஷன் விளக்கின் கைப்பிடி இருந்தது. கிருமி நீக்கிய கைப்பிடி. சர்ஜனைத் தவிர யாரும் தொடக் கூடாது. விளக்கு வயிற்றை விட்டுச் சர்ஜனின் முகத்துக்குப் போனது.

"ஏனாயித்து?" என்றார் கன்னடக்கார சர்ஜன். "ஏமைந்தி?" என்றார் கத்தி எடுத்துக்கொடுக்கும் தெலுங்கு சிஸ்டர். "என்னாச்சு?" என்றார் மேடம். மூன்று மொழிக்கும் பொதுவாக நான் மானிட்டரைக் காட்டினேன்.

மாந்தோப்புக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்: "ஏன் பாப்பா, நான் செத்துட்டனா?"

அந்த நேரம் பார்த்து 'புஸ்' என்று பிரஷர் பட்டை தளர்ந்தது. தொண்ணூற்றொன்பது திரும்பி வந்தது. மேடம் அவருடைய வலது கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டையும் ஒரே கையில மாட்டினியா? பட்டை அப்பப்ப தானா இறுக்கறப்போ விரலுக்கு ரத்தம் எப்படிப் போகும்? வெளிய போ."

வேறு கைப்பிடி வரும்வரை சர்ஜன் கன்னடத்தில் என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார். நான் ஸ்டோர் ரூமில் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து கம்பெனி பஸ்ஸை நினைத்து அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து ஸ்ட்ரெச்சர் வந்தது. மாந்தோப்புக்காரர் என்னைப் பார்த்ததும் மேடத்திடம் சொன்னார்: "அந்தப் பாப்பாவத் திட்டாதீங்கம்மா. எல்லாரும் என் வயித்தயே பாத்துட்டு இருந்தீங்க. நான் இருக்கனா போனனான்னு கவலப்பட்டது அது ஒண்ணுதான்."

"கவலப்பட்டா மூஞ்சியப் பாக்கணும். விளக்கப் புடிச்சு இழுக்கக் கூடாது" என்றார் மேடம். ஆனால் மாஸ்குக்குள்ளே கன்னம் ஆடியது, சத்தியமாகப் பார்த்தேன். "பதினஞ்சு நாள் ஸ்டோர். அப்பறம் வா."

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"சந்தேகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நிறுத்தினியா?"

"நிறுத்தினேன்."

"அப்ப பாஸு. படி."

போன வருஷம் அப்பாவுக்கே ஹெர்னியா. அதே மேஜை, அதே சர்ஜன், தலைமாட்டில் நான். பட்டை வலது கையில், கிளிப் இடது கையில். (இரண்டு முறை சரிபார்த்தேன்.) கீறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, 'டிங் டிங்'. எண்ணைக் காணோம். சர்ஜன் தலையைத் தூக்காமல், "லைட்டைத் தொடாதே!" என்றார்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். கிளிப் கழன்று தொங்கியது.

"அம்மாடி, சந்தேகமா இருக்கு. நிறுத்திரலாமா?"

"லைன் நல்லா ஓடுதுப்பா" என்று சொல்லி, கிளிப்பை மாட்டிவிட்டு, என் மற்றொரு கையை அவருடைய வலது கையில் கொடுத்தேன்.

இப்போதும் சாம்பாரில் முடி கிடந்தால் அப்பா கையைத் தூக்குகிறார். வாயைத் திறப்பதற்குள் அம்மா அப்பளக் கரண்டியோடு வந்து நிற்பாள்: "மொதல்ல என் மூஞ்சியப் பாருங்க, அப்பறம் நிறுத்துங்க."