நாலு குட்டி போட்ட பூனை

“கடகத்துக்குள்ளை என்ன, தங்கச்சி?”

பியோன் அடைக்கலநாதன் கேட்டதும் சிவக்கொழுந்து அதை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

“கத்தரிக்காய், அண்ணை. போகேக்கை சந்தையிலை குடுக்கோணும்.”

அவர் தண்ணீர் அள்ளப் போனார். அவள் அந்தப் பனையோலைக் கடகத்தைப் பழைய காணி உறுதிப் பத்திரங்கள் அடுக்கியிருந்த பின்னறைக்குத் தூக்கிப்போய் இறக்கி, மூடியிருந்த சேலைத்துண்டை விலக்கினாள். ஐந்து மாத மகள் நல்ல நித்திரை.

பிள்ளை பார்க்கும் இரத்தினம்மா செத்தவீட்டுக்குப் போய்விட்டாள். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் வேலை பார்த்த கடை எரிந்து ஊர் திரும்பிய கணவன், வேலை தேடி வவுனியாவுக்குப் போயிருந்தான். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு கனகசபாபதியோ, அவளைத் தன் அலுவலகத்தில் டைப் அடிக்கச் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார்: “கந்தோருக்குப் பிள்ளையைக் கொண்டுவாற வேலை இஞ்சை சரிவராது. முந்தி இருந்தவவை அதுக்காகத்தான் நிப்பாட்டினனான்.”

பின்னறைக்கும் நொத்தாரிசின் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். அவர் அன்று பக்கவாசலால் வந்து கதவைச் சாத்திக்கொண்டது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

உடுப்பிட்டித் தம்பிராசா மகளின் சீதன உறுதிக்காக முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அவள் பாதி அடித்திருப்பாள். பின்பக்கம் வீரிட்டு ஓர் அழுகை.

அவள் விசைகளை ஓங்கி அடித்தாள். அழுகையும் ஓங்கியது.

“பிள்ளை அழுற சத்தமெல்லோ கேக்குது?” என்றார் தம்பிராசா.

“பூனை, ஐயா. பின்னறையிலை நிக்குது.”

நொத்தாரிசின் தலை கதவுக்கு வெளியே வந்தது. அவள் விரல்கள் அப்படியே நின்றன.

“ஓம், பூனைதான். காலமை நானும் கண்டனான்” என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

இல்லாத பூனையை இவர் எங்கே கண்டார் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. தம்பிராசா குடையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். “நல்ல காரியத்துக்கு வந்த இடத்திலை பூனையோ? பொறும், கலைச்சுவிடுறன்.”

“வேண்டாம், ஐயா. அது குட்டி போட்டிருக்கு.”

கதவு மறுபடி திறந்தது. “நாலு குட்டி” என்றார் நொத்தாரிசு. நெற்றியெல்லாம் வியர்வை. “கிட்டப் போனால் பிறாண்டிப் போடும்.”

“அப்ப நான் வேறை நொத்தாரிசைப் பாக்கிறன். பூனை கத்துற இடத்திலை எழுதின காணி என்ரை பிள்ளைக்கு வேண்டாம்.”

நொத்தாரிசு தடுமாறினார். “இருங்கோ, இருங்கோ. அடைக்கலநாதன், அந்தப் பூனையைக் கொண்டுபோய் வெளியிலை விடும்.”

அடைக்கலநாதன் அவரைப் பார்த்தார். பிறகு சிவக்கொழுந்தைப் பார்த்தார். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மெல்லப் பின்னறைப் பக்கம் நடந்தார்.

சாக்கைக் கண்டதும் அவள் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றாள்.

“ஐயா, பூனை இல்லை. என்ரை பிள்ளை. பாக்க ஆள் இல்லை, அதுதான் கொண்டுவந்தனான். வேலையாலை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. சாக்கிலை மட்டும் போடவேண்டாம்.”

கனகசபாபதி அவள் முகத்தைப் பார்க்காமல் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளிக் கடகத்தண்டை குனிந்தாள். மகள் வாயில் விரலை வைத்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அழுகை மட்டும் நிற்கவில்லை.

அவள் திகைத்துப்போய்த் திரும்பினாள். அடைக்கலநாதன் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“உங்கடை பிள்ளை இன்னும் எழும்பவே இல்லை, தங்கச்சி. கத்துறது ஐயாவின்ரை பேரன். மகள் பாங்குக்குப் போகேக்கை ஐயாவின்ரை அறையிலை விட்டிட்டுப் போட்டா.”