ரெண்டு குடை டிரெசரும் என் மகளின் ரெண்டு சூராட்டும்

எதையும் ஒற்றையாக வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் தேடிப் பிடித்து எங்கள் தோட்டத்துக்கே டிரெசராக வந்து சேர்ந்தார்.

ஈஜோக்கிலிருந்து கோலா சிலாங்கூர் போகிற சாலையில், உள்ளே இரண்டு மைல் தள்ளி இருந்தது அந்த ரப்பர் தோட்டம். நான் அங்கே சின்னக் கிராணி, அதாவது ஆபீசில் பெயர்ப் பட்டியல் எழுதுகிறவன். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் டாக்டர், கம்பவுண்டர், நர்ஸ் எல்லாமே இவர்தான். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் 'ரெண்டு குடை'. வெயிலோ மழையோ, கையில் ஒரு குடை, கக்கத்தில் இன்னொரு குடை.

"எதுக்கு டிரெசரய்யா ரெண்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணு கிழிஞ்சா?"

"ரெண்டும் கிழிஞ்சா?"

"அதுக்குத்தானே தம்பி வீட்டுல இன்னும் ரெண்டு வச்சிருக்கேன்."

இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் கட்டியிருப்பார். இரண்டும் ஒருநாளும் ஒரே நேரம் காட்டியதில்லை. நாடி பார்க்கும்போது இடது கடிகாரத்தை வைத்து ஒருமுறை எண்ணுவார், வலதை வைத்து ஒருமுறை எண்ணுவார், பிறகு நல்லதாக இருப்பதை எழுதிக்கொள்வார். இருமலுக்குப் போனால் சிவப்பு மிக்ஸ்சரும் கொடுப்பார், வெள்ளை மிக்ஸ்சரும் கொடுப்பார். எதற்குக் குணமானது என்று யாருக்கும் தெரியாது. இருமல் நிற்கும்; வயிறு நிற்காமல் போகும். கல்யாணம் மட்டும் அவர் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கேட்டு வைத்தால் கொள்கைப்படி நடந்துவிடுவாரோ என்ற பயம்.

அது வெள்ளைக்கார சர்க்கார் கம்யூனிஸ்டுகளோடு மோதிக்கொண்டிருந்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்று, ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் வாளியைக்கூட கேட்டில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அரிசிக்கு அளவு, சீனிக்கு அளவு. பால் டின்னை ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். ஓட்டை போட்ட டின் காட்டுக்குள் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடுமாம். ஓட்டை போடுகிற வேலை எங்கள் தோட்டத்தில் டிரெசருக்கு. ஒன்றுக்கு இரண்டாகப் போடுவார். அவர் கொள்கை முழுசாகப் பலித்தது பால் டின்னில் மட்டும்தான். இரண்டு ஓட்டை இருந்தால்தானே பால் ஒழுங்காக ஊற்றும்?

இந்த நேரத்தில்தான் என் மனைவி லூர்து முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று தஞ்சாவூர்ப் பக்கமிருந்து என் மாமியார் கடிதத்துக்கு மேல் கடிதமாகப் போட்டார். ஏழாம் மாதம் கப்பல் ஏற்றிவிடுவதாக நானும் பதில் எழுதிவிட்டேன். செய்தி கேட்டு ரெண்டு குடை நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, கப்பல் ஏறப்போறியாமே?"

"ஆமாண்ணே. மொதப் பிரசவம் அம்மா வீட்டுலதானே வழக்கம்?"

"வழக்கம் கெடக்கட்டும். புள்ள அங்க பொறந்தா அந்த நாட்டுப் புள்ள. கைக்கொழந்தயத் தூக்கிக்கிட்டு நீ திரும்பி வந்து எறங்குறப்ப, இது யாரு, பெர்மிட் எங்கன்னு கேப்பான். உள்ள விட்டாலும், நாளைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா, சூராட்டு எங்கன்னு கேப்பான்."

பிறப்புப் பத்திரத்துக்கு எங்கள் பக்கம் சூராட்டு என்றுதான் பேச்சு.

"இங்க பொறந்தா போலீஸ் ஸ்டேஷன்ல பதிஞ்சு இந்த நாட்டு சூராட்டு. நம்ம ஆஸ்பத்திரியும் உண்டு, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியும் உண்டு. அப்பன் ஆத்தா அந்த ஊருன்னு கோலாலம்பூர்ல இருக்கற இந்தியா ஆபீசுக்கு எழுதிப் போட்டா, இந்தியா சூராட்டும் வரும். அங்க பொறந்தா ஒண்ணு, இங்க பொறந்தா ரெண்டு லா!"

"அதுக்கில்ல டிரெசரய்யா, மக வெளிநாட்டுல புள்ள பெக்குறாளேன்னு அவங்கம்மா அழுவுறாங்க" என்றேன்.

"எதுய்யா வெளிநாடு?" அவர் இரண்டு குடைகளையும் இரண்டு பக்கமும் நீட்டினார். "இங்க நின்னா அது வெளிநாடு. அங்க நின்னா இது வெளிநாடு. புள்ளைக்கு ரெண்டும் சொந்தமா இருக்கட்டுமே."

லூர்து என்னைப் பார்த்தாள். கப்பல் என்று நினைத்தாலே குமட்டுகிறவள். வழக்கத்தைக் கைவிட அவளுக்கு ஒரு காரணம் போதுமாக இருந்தது. டிரெசர் இரண்டு கொடுத்துவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது, எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே. குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிய பிறகும் இந்த மனிதர் நகரவில்லை. "இன்னொண்ணு இருக்கா, நல்லாப் பாருங்க" என்று மருத்துவச்சியைப் போட்டு அரித்தார். அந்த அம்மாள் திட்டியதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

அடுத்து பெயர்ச் சண்டை. லூர்து வேதக்காரி; ரோசலின் என்று வைக்க ஆசைப்பட்டாள். என் அம்மா ஊரிலிருந்து, குலதெய்வம் அங்காளம்மை பெயரை வைக்காவிட்டால் தன் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். நடுவில் நான் முழித்துக்கொண்டிருந்தேன். டிரெசர் சிரித்தார்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்களா? இந்த நாட்டு சூராட்டுல ரோசலின். அந்த நாட்டு சூராட்டுல அங்காளம்மை. ரெண்டு பேரு, ரெண்டு பேப்பர், ரெண்டு நாடு. தீந்துச்சா?"

அப்படியே ஆனது. எல்லாருக்கும் சந்தோஷம். வினையும் அங்கேதான் பிறந்தது.

வேலிக்குள் இருப்பவர்களின் ரேஷன் பட்டியலை அந்த வாரம்தான் புதிதாக எழுதினார்கள். நான் லீவில் இருந்ததால் பெரிய கிராணி, ஆஸ்பத்திரியிலிருந்த இரண்டு சூராட்டு மனுக்களைப் பார்த்து எழுதினார். ஒரே நாள், ஒரே அப்பா அம்மா, இரண்டு பெயர். 'இரட்டைக் குழந்தைகள்' என்று எழுதிவிட்டார். லீவு முடிந்து வந்த மகாராசன் நான், பட்டியலைப் படித்துக்கூடப் பார்க்காமல் அடியில் கையெழுத்துப் போட்டேன்.

வாரம் ஒரு டின் வரவேண்டிய வீட்டுக்கு இரண்டு டின் பால் வந்தது. ஓடிப்போய் டிரெசரிடம் சொன்னேன்.

"திருத்தப் போனா, ஏன் தப்பு வந்துச்சுன்னு கேப்பாங்க தம்பி. பேசாம இரு. ஒண்ணு கெட்டா ஒண்ணு ஆவும்."

பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பயத்தால் மட்டுமல்ல. தேநீரில் பால் தாராளமாக விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாம் மாதம் ஒரு காலை, மலாய்க்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் பட்டியலோடு ஜீப்பில் வந்து இறங்கினார். கூடுதல் ரேஷன் வாங்குகிற வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறாராம். இல்லாத வாய்க்கு ரேஷன் வாங்கினால் அது காட்டுக்குப் போகிறது என்று அர்த்தம். பிடித்தால் உள்ளே போடுவார்கள், பிறகு குடும்பத்தோடு கப்பல் ஏற்றி நாடு கடத்துவார்கள். அப்படிப் போன குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"பதறாத" என்றார் ரெண்டு குடை. "புள்ள ஒண்ணுதான். ரெண்டு எடத்துல காட்டுவோம்."

திட்டம் இதுதான். முதலில், உடம்பு சரியில்லை என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெள்ளைச் சட்டை போட்ட ரோசலின். அதைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் முன்வாசல் வழியாக, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்கு வருவார். அதற்குள் லூர்து பின்வாசல் வழியாகக் குழந்தையோடு ஓடி, சிவப்புச் சட்டை மாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, அங்காளம்மையாகத் தொட்டிலில் போட்டுவிட வேண்டும்.

லூர்து ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால், பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆனவள் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் தொட்டிலுக்குள் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"இந்தப் பிள்ளைக்கும் காது ஊதாவாக இருக்கிறதே?"

அன்று காலையில்தான் குழந்தையின் இடது காதில் இருந்த சிறு புண்ணுக்கு டிரெசர் ஊதா மருந்து பூசியிருந்தார். புண் இல்லாத வலது காதுக்கும் பூசியிருந்தார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? வெள்ளைச் சட்டைக்கும் இரண்டு காது ஊதா. சிவப்புச் சட்டைக்கும் இரண்டு காது ஊதா.

"இரட்டைப் பிள்ளைங்க இல்லீங்களா? ஒண்ணுக்கு வந்தா இன்னொண்ணுக்கும் வரும்" என்றார் டிரெசர்.

"அப்படியா? சரி, அந்தக் குழந்தையையும் கொண்டுவந்து பக்கத்தில் போடுங்கள்."

ஆயா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்; அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் பட்டியலை என் பக்கம் திருப்பினார்.

"இது உன் கையெழுத்துதானே? பொய்ப் பட்டியலுக்கு என்ன தண்டனை, தெரியுமா?"

ரெண்டு குடை இரண்டு குடைகளையும் கீழே போட்டார். அவர் கை இரண்டும் காலியாக இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அந்தத் தம்பிய விட்டுருங்க. ரெண்டு பேரு வச்சது நான், ரெண்டு சூராட்டு வாங்குனது நான், பேசாம இருன்னு சொன்னதும் நான். கூட வந்த பால இவன்தான் டீயில ஊத்திக் குடிச்சான். காட்டுக்கு ஒரு சொட்டும் போவல."

"ஒரு குழந்தைக்கு எதற்கு இரண்டு பத்திரம்?"

டிரெசர் சட்டைப் பையிலிருந்து தன் அடையாளக் கார்டை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் பார்த்தார். பிறந்த இடம் என்ற வரியில் 'கடல்' என்று இருந்தது.

"எந்தக் கடல்?"

"தெரியாதுங்க. கப்பல்ல வர்றப்ப பொறந்தேன். எங்கம்மா வாந்தி எடுத்துக்கிட்டிருந்துச்சாம், கவனிக்கல." "அந்த நாட்டுல கேட்டா இங்க கேளுங்கறான். இங்க கேட்டா அங்க கேளுங்கறான். என்கிட்ட ஒண்ணுகூடக் கெடையாது. அதான், பொறக்குற புள்ளைக்கெல்லாம் ரெண்டா இருக்கட்டுமேன்னு."

இன்ஸ்பெக்டர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். பட்டியலில் ஒரு பெயரை அடிக்க வேண்டும். பென்சில் முனை 'ரோசலின்' மேல் போய் நின்றது.

"ஐயா, அது வேணாம்!" டிரெசர் கும்பிட்டேவிட்டார். "அதுதான் இந்த நாட்டுப் பேரு. அத அடிச்சா நாளைக்குப் புள்ளைக்கு ஆஸ்பத்திரி இல்ல."

பென்சில் ஒரு வரி கீழே இறங்கியது. அங்காளம்மை அடிபட்டாள். 'எழுத்தர் பிழை' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். என் அம்மாவுக்கு இன்றுவரை இந்த விஷயம் தெரியாது.

பிறகு இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. தோட்டத்து ஆட்கள் குடியுரிமைக்கு மனுப்போட கோலா சிலாங்கூருக்கு பஸ் ஏறினார்கள். கடலில் பிறந்தவரின் மனு பலமுறை திரும்பி வந்தது. இவரைத் தெரியும் என்று சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். நானும் லூர்தும் மகளோடு போய் நின்றோம். இவர் கையால் சூராட்டு வாங்கிய பிள்ளைகளின் அப்பன்மார் ஒரு பஸ் நிறைய வந்து நின்றார்கள். ஒருவழியாகத் தாள் கைக்கு வந்தது. டிரெசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை லூர்து கையில் கொடுத்தார். "நீயே வச்சிக்க தங்கச்சி. நம்பர மனப்பாடம் பண்ணிட்டேன். என் மண்டையில ஒண்ணு, உன் பெட்டியில ஒண்ணு. ரெண்டாச்சு."

என் மகள் வளர்ந்ததும், ஒரு நாட்டைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னது. அவள் இந்த நாட்டையே வைத்துக்கொண்டாள். டிரெசர் அந்தச் சட்டத்தை மன்னிக்கவேயில்லை. இப்போது அவர் இல்லை. அவருடைய தாள் மட்டும் என் மகளின் இரண்டு சூராட்டுகளுக்கு நடுவில், எங்கள் பெட்டியில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க அவருக்கு யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.