கேப்டன் எனக் கூறப்படும் ஒருவர்

கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லாத ஒரு ரகம் உலகத்தில் உண்டு. உங்களுக்கும் இரண்டு பேரைத் தெரிந்திருக்கும். தென் சூடானின் ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு அந்த ரகத்தில் முதல் தரமானவர் வாய்த்தார். பெயர் கோரே. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதும், இரு படைகளும் மக்களை எப்படி நடத்துகின்றன என்று கண்காணிக்க, நீல மேலங்கி மாட்டி அவரை அனுப்பியிருந்தார்கள்.

ஊரின் இரு முனையிலும் முகாம் போட்டிருந்த படைகள், கைகுலுக்கிய ஈரம் காயுமுன்னே மறுபடி சுட ஆரம்பித்து, குண்டு சந்தையில் விழுந்து, வறுத்த நிலக்கடலை நாலாபக்கமும் தெறித்து, ஜனங்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த வேளையில், கோரே மேசைக்கடியில் படுத்தபடி ரேடியோவில் தலைமை அலுவலகத்துக்குச் சொன்னார்: “வெடிச்சத்தம் போன்ற ஒன்று கேட்பதாகக் கூறப்படுகிறது.”

யார் கூறினார்கள்? அவரேதான்.

அப்போது டீ விற்கும் கிடென் ஓடி வந்தாள். “அண்ணே, என் தம்பி பித்தியாவைச் சிப்பாய்ங்க இழுத்துட்டுப் போறாங்க.”

“சிப்பாய்ங்கன்னு எப்படி முடிவு பண்ணினே?”

“சீருடை போட்டிருந்தாங்களே.”

“சீருடை மாதிரி உடைன்னு வச்சுக்குவோம்.”

“என் தம்பியும் தம்பி மாதிரிதானா? எந்திரிச்சு வாங்க.”

தம்பியைக் கொண்டுபோன முகாம் வரை, மேலங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். போன வாரம் அந்த முகாமுக்குள் போன இருவர் திரும்பவில்லை. அப்படியும் அவள் பிடியை விடவில்லை.

வாசலில் ஒரு கேப்டன். தோளில் நட்சத்திரம் தைத்து நான்கு நாள்கூட இருக்காது.

“பித்தியாவா? அப்படி யாரும் இங்க இல்லை.”

“அக்கா, இங்கதான் இருக்கேன்” என்றது சுவருக்குப் பின்னால் ஒரு குரல்.

கோரே ரேடியோவை வாயருகே கொண்டு போனார். “முகாமில் கைதி இல்லை என்று, கேப்டன் எனக் கூறப்படும் ஒருவர்...”

“என்னது, கூறப்படும் ஒருவரா?”

“பதவி இன்னும் உறுதியாகலைங்க.”

பின்னால் நின்ற சிப்பாய் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

“யோவ், நான் கேப்டன்யா. நான் சொன்னா இவனுங்க கேப்பானுங்க.”

“அப்படின்னு நீங்க சொல்றீங்க.”

“டேய், கதவைத் திற. அந்தப் பயலை வெளியே தள்ளு. இப்பப் பாருய்யா, யாரு கேப்டன்னு.”

ஒரு கண் வீங்கிப் பித்தியா வெளியே வந்தான். கிடென் அவனைப் பற்றிக்கொண்டு ஓடினாள். “விடுதலை போன்ற ஒன்று நிகழ்ந்ததாக...” என்றபடி கோரேயும் ஓடினார்.

அக்கரைக்குப் போகும் படகில் கிடென் கேட்டாள்: “தெரிஞ்சுதான் அப்படிப் பேசினீங்களா, அண்ணே?”

“அப்படியும் கூறப்படலாம்.”

படகே சிரித்தது. பிறகு பித்தியா, போன வாரத்து இருவரைப் பற்றி மெல்லக் கேட்டான். அவர்களைக் ‘காணாமல் போனதாகக் கூறப்படுவோர்’ என்றுதான் கோரே தெரிவித்திருந்தார், பெயரைக்கூட விசாரிக்கவில்லை.

சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. நேற்று பேருந்தில், உங்கள் கண்ணெதிரேயே நடத்துனர் ஒரு பெரியவரைப் பிடித்துக் கீழே தள்ளினார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்து என்ன சொன்னீர்கள்?

“பஸ்ஸுல யாரோ விழுந்துட்டாங்களாம்.”

கடைசியில் ஒட்டிய அந்த ‘ஆம்’ எங்கிருந்து வந்தது?