இருட்டில் கைதட்டியவன்

என்னை இந்த வயதிலும் ‘டேய்’ என்று கூப்பிடும் உரிமையுள்ள ஒரே அக்காவுக்கு, தம்பி தலைவணங்கி எழுதுவது. இங்கு நானும் மகளும் நலம். அங்கு நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ சொல்லி அனுப்பிய காரியத்தை முடித்துவிட்டேன். “அவ நாடகத்துல இருக்கேன்னு சொல்றாளே, மேடையில நிக்கிறாளான்னு உன் கண்ணால பாரு. இல்லேன்னா கையோட கூட்டிட்டு வா. உங்க அத்தான் ஆபீஸ்ல மேஜை நாற்காலி போட்டு உக்கார்ற வேலை காத்துட்டிருக்கு” என்றாய். தாயில்லாத பெண்ணை வளர்த்தவள் நீ. உன் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? இவளோ, எந்த அரங்கத்தில் வேலை என்று கேட்டால், “இந்த வாரம் ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணுப்பா. முதல்ல ஊரைச் சுத்திப் பாருங்க” என்று மழுப்பினாள். இந்த நகரத்தில் பேருந்து நிறுத்தங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பவை அரங்கங்கள்தான். சரி, ஒவ்வொன்றாக ஏறி இறங்கிவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதலில் பெரிய இசை மண்டபம். வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவனை இருட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? விளக்கு அணைந்ததும் என் வலது கால் பிரேக்கைத் தேடி, முன்வரிசைப் பெரியவரின் நாற்காலியை ஓங்கி மிதித்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் வாசிப்பு நின்றது. முடிந்துவிட்டது போலும் என்று பலமாகக் கைதட்டினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அது பாதிதானாம், நடுவில் மூச்சு வாங்குகிறார்களாம். இடைவேளையில் அந்தப் பெரியவரே, “முதல் ஆளா தட்டாதீங்க சார், மத்தவங்க தட்டினப்புறம் தட்டுங்க” என்று புத்தி சொன்னார். இனி முதல் ஆளாகக் கை தூக்குவதில்லை என்று அங்கேயே சபதம் எடுத்தேன்.

அடுத்தது, துணிக்கடை ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் குட்டி அரங்கம். மரப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடிகர் நேராக என் முன்னால் வந்து, “நான் என்ன பாவம் செஞ்சேன்? சொல்லுங்க!” என்று அழுதார். கேட்டவருக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை? “தம்பி, நீங்க முன்னாடியே வீட்டுப் பெரியவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாடகம் நடக்கவில்லை. மூன்றாவது, பூங்காவில் திறந்தவெளி மேடை. மழை வந்தது. ஆடியவர்களும் நிறுத்தவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. இப்போது தும்மலும் நிற்கவில்லை. இத்தனை மேடையிலும் நம் பெண்ணைக் காணோம். பொய் சொல்லிவிட்டாளோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த அரங்கத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.

நேற்று பழைய நாடக அரங்கம். முதல் காட்சி முடிந்து மேடை இருண்டது. கறுப்பு உடையில் ஓர் உருவம் வந்து மேஜையையும் நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு போனது. காலடிச் சத்தமே இல்லை. அக்கா, சமையலறையில் ஓசைப்படாமல் உன் பின்னால் வந்து நின்று, நீ திரும்பும்போதெல்லாம் உன்னை அலற வைத்து, “சத்தம் போட்டு நடடி, பூனை!” என்று திட்டு வாங்குவாளே, அதே நடை! சபதமெல்லாம் காற்றில் போயிற்று. எழுந்து நின்று கைதட்டினேன். “நம்ம பூனை! நம்ம பூனை!” என்று கத்தியதாகவும் சொல்கிறார்கள். முன்வரிசை தட்டியது, பிறகு அரங்கமே தட்டியது. அவள் நாற்காலியும் கையுமாக அசையாமல் நின்றுவிட்டாள்.

நாடகம் முடிந்ததும் மேடை மேலாளர் அம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், “இத்தனை வருஷத்துல இவளை யாருமே பார்த்ததில்ல சார். நீங்க எப்படிப் பார்த்தீங்க?” என்றார். திட்டா, பாராட்டா, தெரியவில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாரும் பாக்காம இருக்கறதுதாம்பா என் வேலை. இதை அத்தைகிட்ட எப்படிச் சொல்றது?” என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, பெருமையில்தான்.

இருந்தாலும் உனக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். அவள் மேடையில் நிற்கவில்லை. நடக்கத்தான் செய்கிறாள், அதுவும் இருட்டில். ஆகவே மாதக் கடைசியில் கூட்டிக்கொண்டு வருகிறேன். சொன்னபோது “சரிப்பா” என்றாள், அவ்வளவுதான். பெட்டி கட்டுகிறாள், அதிலும் சத்தமில்லை. அத்தானிடம் அந்த மேஜை நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொல். அவருக்கு என் வணக்கம், முழங்காலுக்கு என் விசாரிப்பு, எனக்கு உன் ஆசி.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் இதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்று அதே நாடகத்துக்கு நான் மட்டும் மறுபடி போனேன். பெட்டி கட்ட இவள் விடுப்பு எடுத்ததால், டிக்கெட் கிழிப்பவரை மேஜை தூக்க விட்டார்கள். இருட்டில் அவர் கை நழுவி, அப்போதுதான் செத்துப்போன கதாநாயகன் கால்மேல் மேஜை விழ, பிணம் “ஐயோ அம்மா!” என்றது. அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, அவள் துணிகளை நானே அலமாரியில் திருப்பி வைத்தேன். அவள் வரவில்லை, அக்கா. மாதக் கடைசியில் நீதான் வருகிறாய். அத்தான் காலை நீட்டுவதற்கு வசதியாக ஓரத்து இருக்கை எடுத்திருக்கிறேன். முதல் ஆளாகக் கைதட்டாதே. விளக்கு அணைந்து, மேடையில் ஒன்றுமே தெரியவில்லை, ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பொறுமையாக இரு. நம்ம பூனை வேலை செய்துகொண்டிருக்கிறாள்.