மவுத் ஆர்கன் பிரிவுக்கு ஆள் தேவை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

இங்கு நானும் வீட்டுக்காரியும் நலம். அங்கு நலமா என்று போனில் கேட்டால் "ம்" என்கிறீர்கள். அதற்கு மேல் கேட்டால் கண்ணாடிக் கடையில் ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறீர்கள். ஆகவேதான் இந்தக் கடிதம். இதை நடுவில் வைத்துவிட முடியாது பாருங்கள்.

விஷயம் என்னவென்றால், தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு மறுபடியும் பிரிக்கிற வேலையே கிடைத்திருக்கிறது. இணையத்தில் கிடக்கும் தளங்களை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று ஒரு வரி எழுதி அடுக்கிவைக்கும் தொகுப்பு ஒன்று உண்டு. செய்கிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள், சம்பளம் பூஜ்யம். அதில் யாரும் சீந்தாமல் கிடந்த மவுத் ஆர்கன் பிரிவை என் தலையில் கட்டி, பிரிவின் ஆசிரியர் என்று பெயரும் வைத்தார்கள். மவுத் ஆர்கனை எந்தப் பக்கம் ஊதுவது என்றுகூடத் தெரியாத ஆள் நான். விஷயம் தெரிந்த இன்னொரு தொண்டர் வராவிட்டால் இந்த மாதக் கடைசியில் பிரிவையே மூடிவிடுவார்களாம்.

ஆள் பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் வீட்டுக்காரியைச் சேர்த்தேன். அவள் மவுத் ஆர்கன் விற்கும் ஒருவருடைய தளத்தில் போன் எண்ணைப் பார்த்து, கூப்பிட்டு, ஒரு மதியம் முழுக்கப் பேசிவிட்டு, "நல்ல மனுஷர், பாவம் முதுகுவலி, மவுத் ஆர்கனும் விற்கிறார்" என்று எழுதிவைத்தாள். அடுத்து மாடியில் குடியிருக்கும் டிரைவிங் மாஸ்டர். வந்த அன்றே தன் டிரைவிங் ஸ்கூலை நம் பிரிவில் சேர்த்துவிட்டார். கேட்டால், "ஹாரனும் இசைதானே சார்" என்கிறார். இருவரையும் நானே நீக்கினேன். ஒருத்தி காபி தருவதை நிறுத்திவிட்டாள், இன்னொருவர் மாடியில் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருக்கிறார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விதி இருக்கிறது. விளக்கத்தில் புகழ்ச்சி கூடாது. அருமை, சிறந்த, இனிய, எதுவும் கூடாது. எழுதி எழுதி அது நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. சாப்பாடு எப்படி என்று வீட்டுக்காரி கேட்டபோது, "மதியச் சமையல். உப்பு, காரம் அடங்கியது. இருவருக்குப் போதுமானது" என்று சொல்லித் தொலைத்தேன். ராத்திரி அடுப்பு பற்றவே இல்லை மாப்பிள்ளை.

பிரிவைத் துழாவியபோது அடியில் ஒரு பக்கம் அகப்பட்டது. நீங்கள் வாசிக்க வாசிக்க என் தங்கை பதிவுசெய்து போட்டுவைத்த பக்கம். ஒரு பாட்டு முடிந்ததும் "இன்னொரு தடவை" என்று அவள் குரல் கேட்கிறது. நான் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடியபிறகு மவுத் ஆர்கனைக் கடை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டீர்கள். வாசிக்கச் சொல்லவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து எது நல்லது, எது குப்பை என்று மட்டும் சொல்லுங்கள். பிரிவு பிழைக்கும். உங்களை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிட்டு, போனில் இரண்டு சொல்லாவது பேசி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உங்கள் மைத்துனன்.

பி.கு: மேலே எழுதிய எதுவும் செல்லாது. சற்றுமுன் என்னை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். உங்கள் பக்கத்துக்கு நான் எழுதிய விளக்கம் இதுதான்: "இவர் வாசித்தால் என் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். இதைவிட அருமையான வாசிப்பை நான் கேட்டதில்லை." புகழ்ச்சியை எடுங்கள் என்று தொகுப்பு முழுவதற்கும் தலைமை ஆசிரியராக இருக்கும் அம்மாள் எழுதினார். மாட்டேன் என்றேன். ஆனால் ஒரு பிரிவில் உள்ளதை அந்தப் பிரிவின் ஆசிரியர்தான் நீக்க முடியுமாம், அதுவும் விதி. ஆகவே அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆசிரியர் இடம் காலி. நீங்களே வந்து அதை நீக்குங்கள், மனசு வந்தால்.