தொண்ணூறு நாள் திட்டம், பதினோராம் பதிப்பு

சோம்பேறிகளை உங்களுக்குத் தெரியும். சுறுசுறுப்பானவர்களையும் தெரியும். இரண்டிலும் சேராத ஓர் இனம் உண்டு: வேலையைத் தொடவே தொடாது, ஆனால் அதை எப்போது தொடுவது என்பதற்காக இடுப்பொடிய உழைக்கும். அதன் பெயர் அட்டவணை இனம்.

மாதிரிக்கு ஓர் அம்மணி. நீதிமன்றத்து நிலவறையில், ஜன்னலில்லாத நகல் பிரிவில், பன்னிரண்டு வருடமாகத் தாளோடு தாளாகக் கிடப்பவர். மேல்மாடியில், சாட்சி வாய் திறந்து சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் சுருக்கெழுத்து இயந்திரத்தில் பதிகிற நாற்காலி ஒன்று காலியாகிறது. சான்றிதழ்த் தேர்வில் தேறினால் அது அவருக்கு. தவறினால் ஓய்வு பெறும்வரை நிலவறைதான். ஏற்கெனவே இரண்டு முறை தவறியாயிற்று. நான்காம் முறைக்கு அனுமதி கிடையாது.

தேர்வு எளிது. ஒருவர் ஐந்து நிமிடம் வாசிப்பார், நிமிடத்துக்கு இருநூறு சொல்; நூற்றுக்கு ஐந்து பிழைவரை பொறுப்பார்கள். தினமும் இரண்டு மணி நேரம் விரல் ஓடினால் தொண்ணூறு நாளில் கைக்கு வந்துவிடும் என்றார்கள். கேட்டதும் யாராக இருந்தாலும் இயந்திரத்தின் முன் உட்காருவார்கள் இல்லையா? அம்மணி அளவுகோல் வாங்கக் கடைக்குப் போனார்.

கூடத்துச் சுவர் முழுக்க அட்டவணை எழுந்தது. ஐந்தரைக்கு விரல் நீட்டல், ஐந்து நாற்பதுக்கு மணிக்கட்டுச் சுழற்றல், ஐந்து நாற்பத்தைந்துக்கு நாற்காலியின் உயரம் பார்த்தல், ஐந்து ஐம்பதுக்கு ஒரே ஒரு நிமிடம் பயிற்சி. உடனே நிறுத்திப் பிழைகளை எண்ணி, பச்சைப் பென்சிலால் கட்டத்தில் போட்டு, நேற்றைய புள்ளியோடு இன்றைய புள்ளியைக் கோட்டால் சேர்த்து, நாலடி பின்னால் போய் நின்று பார்த்தல். பார்ப்பதற்கு மட்டும் இருபது நிமிடம்.

கணவரோ மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவர். வாயைத் திறந்தால் மூச்சு எங்கே விடுகிறார் என்று அவருக்கே தெரியாது. தேர்வு எழுதும் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு வாய் கிடைக்கும்?

"இன்னிக்கு எனக்கு லீவு. உக்காரு, ஒரு மணி நேரம் வாசிக்கிறேன்."

"இது மெதுவா வாசிக்கிற வாரம்ங்க. உங்க வேகம் எட்டாவது வாரத்துலதான் வருது."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"தயாரா இருங்க. உங்களுக்கும் கட்டம் போட்டிருக்கேன். ஊதா."

"சும்மா இருக்கிறதுக்குக் கலரா?"

மூன்றாம் வாரம் சளி பிடித்தது. இரண்டு நாள் போயிற்று. போனால் என்ன, மறுநாள் தொடரலாமே என்பீர்கள். இனம் தெரியாமல் பேசுகிறீர்கள். இரண்டு நாள் தள்ளினால் மீதி எழுபது நாளும் தள்ளவேண்டும், சுவரே பொய்யாகிவிடும். இரண்டாம் பதிப்பு வந்தது. பிறகு மூன்றாவது. 'அட்டவணைத் திருத்தம்' என்று ஞாயிறுதோறும் ஒரு கட்டம் முளைத்து, புதனுக்குப் பரவி, கடைசியில் அன்றாடம் ஒன்றரை மணி நேரம் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

"அம்மா, பழகறது எப்பம்மா?" என்றாள் மகள்.

"அந்த நேரத்தைத்தான் கண்ணு தேடிட்டிருக்கேன். பேசாம இரு, செவ்வாக்கிழமை இடிக்குது."

எட்டாம் வாரம் ஊதாவுக்கு விடிவு வந்தது. கணவர் குறுக்கு விசாரணை ஒன்றைக் கையில் எடுத்தார். "கத்தியைப் பார்த்தீர்களா பார்த்தேன் எவ்வளவு தூரத்தில் நாலடி, நாலு, நாலு, நாலரை, அஞ்சு உண்டா அஞ்சு..."

"நிறுத்துங்க! நிமிஷம் ஆச்சு."

"இப்பதாம்மா சூடே பிடிக்குது!"

"பிழை எண்ணணும்."

அவர் தாளை மடித்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனார். அங்கே அவரை யாரும் நிறுத்துவதில்லை.

தேர்வு நாள் வந்தது. பதினோராம் பதிப்பின்படி அதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆனாலும் அம்மணி போனார். முதல் நிமிடம், அடடா! விரல்கள் மழையாய்ப் பொழிந்தன. அறுபதாவது விநாடியில் இரண்டு கைகளும் தாமாகவே மேலே எழுந்தன. ஒரு நிமிடத்துக்கு மேல் அந்தக் கைகள் ஓடியதே இல்லையே! அம்மணி பையிலிருந்து பச்சைப் பென்சிலை எடுத்தார், எண்ணினார். இரண்டே பிழை! பூரிப்போடு தலை நிமிர்ந்தபோது வாசிப்பவர் நான்காம் நிமிடத்தில் இருந்தார். அவர் வாசித்த வாக்குமூலத்தில் சாட்சி அழுது முடித்துக் கூண்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

நாற்காலி, வானொலிச் செய்தியைக் கேட்டுக் கேட்டுக் கண்டபடி தட்டிப் பழகிய வாயில்காப்பாளருக்குப் போயிற்று. அவரிடம் அட்டவணை என்று ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாதாம்.

தலைமை எழுத்தர் அம்மணியைக் கூப்பிட்டார். "அப்படி என்னதாங்க பயிற்சி பண்ணினீங்க?"

அம்மணி சுருட்டிக் கொண்டுவந்திருந்த பதினொரு பதிப்பையும் மேசையில் விரித்தார். தலைமை எழுத்தர் நெடுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஆறு வருஷமா நீச்சல் கத்துக்கணும்னு இருக்கேன். எனக்கு ஒண்ணு போட்டுத் தர முடியுமா?"

நிலவறைக்குப் படியிறங்க வேண்டியவரின் முகத்தில் விளக்கேற்றினாற்போல் ஒரு வெளிச்சம். "காலைலயா சார், சாயங்காலமா?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காரும் முன் உங்களுக்கென்று ஒரு வேலை காத்திருந்ததே, அது என்ன ஆயிற்று? இதோ, முடித்ததும் தொடங்கப்போகிறீர்களா? மணி என்ன, இரண்டு பதினேழா?

சேச்சே, இரண்டு பதினேழுக்கு யாராவது எதையாவது தொடங்குவார்களா? இரண்டரை ஆகட்டும்.